ஐந்து வீல்களும் ஒரு கலந்தாய்வும்

அழகு பார்த்துக் கெட்டவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. முகத்தை, சட்டையை, வீட்டு வாசலை அழகு பார்த்துக் கெட்டிருப்பார்கள். நான் கார் வீலை அழகு பார்த்துக் கெட்டவன். அதுவும் எவரோ ஓட்டித் தீர்த்த பழைய காரின் வீலை.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டு அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மனைவி கலாவும் நாலு வயது மகள் தேன்மொழியும் மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருந்தார்கள். கலாவுக்கு அங்கே வேலை. மாதம் ஒரு தடவை மலையிறங்கி, மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால், குழந்தை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ‘இது யாரு?’ என்பதுபோலப் பார்க்கும். அந்தப் பார்வை தாங்காமல்தான் கார் வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் குரோம் பூசிய வீல்கள் பளபளவென்று இருந்ததால் வாங்கினேன். (ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்து. விற்றவர் இதை ஒரு முறைதான் சொன்னார். நான்தான் மூன்று முறை கேட்டேன்.)

சமவெளியில் ஓடிய வண்டி அது. ஐப்பசி மழையில் நனைந்து, கார்த்திகை முழுக்க மூடுபனியில் ஊறி, மார்கழியில் அதன் குரோம் உரிய ஆரம்பித்தது. முதலில் கொப்புளம், அப்புறம் செதில். தொட்டால் பிளேடு மாதிரி கிழிக்கும். கறை போகட்டும் என்று கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தேன். கறை போயிற்று. கூடவே பாதிக் குரோமும் போயிற்று.

தினமும் காலையில் டயரில் காற்றும் குறைந்திருந்தது. செம்மேட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த பொன்னுசாமியிடம் கொண்டுபோனேன். அவர் டயர் வந்து உட்காரும் ரிம்மின் விளிம்பில் விரலை வைத்துக் காட்டினார்.

“ஏனுங்க சார், இங்கயும் உரிஞ்சிருக்குதுங்க. காத்து இந்த வழியாத்தான் போவுது. குரோமைப் பூராச் சுரண்டிட்டு கருப்புப் பெயிண்ட் அடிச்சுத் தாரேன். ரெண்டு நாளைக்கு வண்டிய உட்டுட்டுப் போங்க.”

“கருப்பா?”

“கருப்புதானுங்க. காத்து நிக்குமில்லீங்க?”

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். கருப்பு வீல் லாரிக்கு இருக்கும், வாத்தியாருக்கு எதற்கு? ஒரு கால் பம்பும் பசையும் வாங்கினேன். உதிர்ந்த செதில்களை டப்பாவில் சேர்த்து வைத்து, சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். பத்து விரலில் ஆறு விரலுக்குப் பிளாஸ்திரி. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள் திருத்தப்படாமல் கிடந்தன.

அந்த வருஷம் இடமாறுதல் கலந்தாய்வு தள்ளிப்போய்த் தை மாதத்தில் வந்தது. நாமக்கல்லில் பத்து மணிக்கு ஆரம்பம். வரிசைப்படி எண்ணைக் கூப்பிடும்போது ஆள் நேரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இடம் ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. என் எண் ஏழு. மலையிலேயே பைல் நாட்டுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்த ஸ்டெல்லா டீச்சருக்கு எட்டு, அவருக்கும் மன்னார்குடிப் பக்கம்தான். கலாவும் குழந்தையும் முதல் நாளே நாமக்கல் வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். ஆர்டரை வாங்கிக்கொண்டு மூவரும் காரிலேயே ஊர் திரும்புவதாகத் திட்டம்.

“சார், நான் ஆறு மணி பஸ்ஸுக்குப் போறேன். நீங்களும் வந்துடுங்க. இந்தப் பனியில கார் வேணாம்” என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

“கார் இருக்கும்போது பஸ்ஸா டீச்சர்?” என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால் வீலெல்லாம் பனித்தண்ணீர், மூன்று செதில் உதிர்ந்திருந்தது. வீல் சரியாகட்டும் என்று அதுவரை ஊருக்குப் பஸ்ஸில்தான் போய்வந்தேன்; கலா அன்றைக்குத்தான் முதல்முதலாகக் காரைப் பார்க்கப் போகிறாள். ஒட்டினேன், துடைத்தேன், மறுபடி துடைத்தேன். ஏழு மணிக்குக் கலா போன் செய்தாள்.

“கிளம்பிட்டீங்களா?”

“வீல் தொடைச்சிக்கிட்டிருக்கேன். அஞ்சு நிமிஷம்.”

“அப்பா என்ன பண்றாங்க?” என்று குழந்தை கேட்பது காதில் விழுந்தது. அந்த அஞ்சு நிமிஷம் ஏழரை வரை போயிற்று. காற்று மட்டும் பார்க்கவில்லை. பம்பை மிதித்தால் பேண்ட் அழுக்காகுமாம்.

முப்பத்தெட்டாவது கொண்டை ஊசி வளைவில் முன் டயர் தரையோடு படுத்தது. ஸ்டெப்னியை இறக்கினேன். அதே குரோம், அதே உரிசல், அதிலும் காற்றில்லை. டிக்கியில் துணி இருந்தது, பாலிஷ் இருந்தது, பசை இருந்தது. பம்பு குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்தது. கீழிறங்கிய இரண்டு வண்டியிலும் ஆள் நெரிசல், கைகாட்டியும் நிற்கவில்லை. பத்தேகாலுக்கு ஸ்டெல்லா டீச்சர் கூப்பிட்டார்.

“ஏழு கூப்பிட்டுட்டாங்க சார். எங்க இருக்கீங்க?”

“கொண்டை ஊசியில.”

“எத்தனாவது?”

“முப்பத்தெட்டு.”

“ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டேன் சார், நிறுத்தி வைக்க மாட்டேங்கறாங்க. அடுத்து என் நம்பர்.”

“நீங்களே எடுத்துக்குங்க டீச்சர்” என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னதாக மலையில் ஒரு பேச்சு உண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு வீலை ஓங்கி உதைத்தேன். அது செருப்பைத் தாண்டிக் காலைக் கிழித்தது.

வாழைத்தார் ஏற்றிய மினி லாரியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மதியம். கலா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கலா திட்டவில்லை. நடந்ததை மட்டும் சொன்னாள். ஏழாம் எண்ணைக் கூப்பிட்டதும் இவள் எழுந்து நிற்க, “எங்கம்மா உங்க வீட்டுக்காரர்?” என்று அதிகாரி கேட்டாராம். அவள் வாயைத் திறப்பதற்குள் தேன்மொழி நாற்காலி மேல் ஏறி நின்று, “அப்பா வீல் தொடைக்கிறாங்க” என்று சொல்லிவிட்டதாம். ஹாலே சிரித்ததாம்.

அடுத்த வாரமே பொன்னுசாமி குரோமைச் சுரண்டிக் கருப்பு அடித்துக் கொடுத்தார். இன்றைக்கு வரை காற்று இறங்கவில்லை. நானும் மலையை விட்டு இறங்கவில்லை. ஒன்பது வருஷமாக எங்கள் ஊரில் அந்த இடம் காலியாகவில்லை. அங்கே போன ஸ்டெல்லா டீச்சர் ஓய்வு பெற இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது. கணக்கு வாத்தியார் அல்லவா, இதையும் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன்.

வீட்டு விசேஷத்தில் யாராவது “அப்பா எங்கே?” என்று கேட்டால் தேன்மொழி இன்னும் அதே பதிலைத்தான் சொல்கிறாள். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போன மாதம் பள்ளி ஆண்டு விழாவில் அவளுக்குக் கணக்கில் முதல் பரிசு. சொல்லிக்கொடுத்தது ஸ்டெல்லா டீச்சர். பரிசு கொடுத்தவர் மேடையில், “அப்பா வரலையாம்மா?” என்று கேட்க, இவள் மைக்கிலேயே அந்தப் பதிலைச் சொன்னாளாம்.

“எல்லாரும் சிரிச்சாங்க. ஸ்டெல்லா டீச்சர் மட்டும் சிரிக்கல” என்றாள் கலா போனில்.

நான் சிரித்தேன். கலா போனை வைக்கும் வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.