கண்ணாடித் தட்டில் என் நுரையீரல்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. கப்பல் சமையலறையில் நீயும் உன் அண்டாக்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அக்காவும் நன்றாக மூச்சுவிடுகிறோம். என் மூச்சு மட்டும் இப்போது வீட்டில் பாதி, ஆராய்ச்சிக் கூடத்தில் பாதி.

சிரிக்காதே. என் மருமகளுக்கு நுரையீரல் ஆராய்ச்சியில் வேலை என்பது உனக்குத் தெரியும். வயிற்றுப் பிள்ளைக்கு அது எப்படி உருவாகிறது, பெரியவர்களுக்குக் கெட்டுப்போனால் மறுபடி வளரவைக்க முடியுமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். புகைபிடிக்கும் ஒருவரும், அதே வீட்டில் புகைபிடிக்காத ஒருவரும் வேண்டுமாம். எங்களைவிடப் பொருத்தமான ஜோடி எங்கே கிடைக்கும்? மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, பிரஷ்ஷால் லேசாகச் சுரண்டிக் கொஞ்சம் செல்களை எடுத்தார்கள். உன் அக்கா அசையவே இல்லை. நான் அறை அதிரத் தும்மினேன், டாக்டரின் கண்ணாடி தெறித்து விழுந்தது, அதை எடுக்க நர்ஸ் குனிய, டாக்டரும் குனிய, இரண்டு தலையும் முட்டிக்கொள்ள, ஒருவழியாக வேலை முடிந்தது. அந்தக் கோபமோ என்னவோ, அன்றே டாக்டர் என் சிகரெட்டுக்குத் தடை போட்டுவிட்டார்.

பிறகு, அந்தச் செல்கள் தட்டில் வளர்ந்ததைப் பார்க்க வரச் சொன்னார்கள். இரண்டு கண்ணாடித் தட்டுகள். பெயர் எழுதக் கூடாதாம். ஒன்றில் நீலப் புள்ளி, மற்றதில் சிவப்புப் புள்ளி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். நீலத் தட்டில் கடுகைவிடச் சின்னச் சின்ன உருண்டைகள், அவற்றில் மெல்லிய இழைகள் விடாமல் அசைந்துகொண்டிருந்தன. குட்டி நுரையீரல் மாதிரி என்றாள் மருமகள். சளியையும் தூசியையும் வெளியே தள்ளுவது அந்த இழைகள்தானாம். கண்டக்டர் வேலையில் படியில் தொங்குகிறவர்களை நான் பஸ்ஸுக்குள் தள்ளுவேனே, அதே வேகம், திசைதான் வேறு. சிவப்புத் தட்டில் நாலைந்து உருண்டைகள் சும்மா கிடந்தன, கடைசி டிரிப் முடிந்த வண்டி மாதிரி.

எது என்னுடையது என்று கேட்டேன். சொல்லலாமா கூடாதா என்று மருமகள் தயங்குவதற்குள் உன் அக்கா முந்திக்கொண்டாள். "நீலம்தான் உங்களோடது. நல்லாப் பாருங்க."

மாப்பிள்ளை, எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்டக்டராக விசில் ஊதி ஊதி உரமேறிய நெஞ்சு என்று கூடத்தில் இருந்த எல்லோரிடமும் சொன்னேன். லிஃப்டில் முன்பின் தெரியாதவரிடமும் சொன்னேன், அந்தப் பேச்சில் மாடி தாண்டி எங்கேயோ இறங்கி, ஒரு கதவைத் திறக்க, மணி அலற, காவலாளி வந்து என்னை மீட்டார். அன்றிலிருந்து உன் அக்காவை நான் விட்டேனா? மாடிப்படியில் அவள் கொஞ்சம் நின்றால்கூட, "சிவப்புப் புள்ளி, மெதுவா வா" என்பேன். அவளும் சிரித்துக்கொண்டே வருவாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தட்டில் போட்டாலும் தளதளவென்று வளர்கிற நுரையீரலைச் சிகரெட் என்ன செய்துவிடும்? டாக்டர் சும்மா பயமுறுத்துகிறார். ஆகவே லீவில் வரும்போது நீ வழக்கமாக வாங்கிவரும் சிகரெட் பெட்டியை மறந்துவிடாதே. சோப்புகளுக்கு நடுவே ஒளித்துவை. உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

கடல் அமைதியாக இருக்கட்டும், உன் சோறு குழையாமல் வரட்டும், கேப்டன் உன்னைத் திட்டாமல் சாப்பிடட்டும் என்று வாழ்த்தும்,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிய நேரத்தில் உன் அக்கா கடிதத்தைப் படித்துவிட்டாள். சோப்பு வரிக்கு வந்ததும் நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீலம் என்னோடது. மருமககிட்ட முன்னாடியே கேட்டுட்டேன். சிகரெட்ட விட்டதுல உங்க முகமே சரியில்ல, கொஞ்சம் சந்தோஷமா இருக்கட்டும்னுதான் அப்படிச் சொன்னேன். அதுவே இப்படி வினையா வரும்னு நெனைக்கல."

எத்தனை தடவை அவளைச் சிவப்புப் புள்ளி என்று கூப்பிட்டிருப்பேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

சிகரெட் வேண்டாம். சோப்பு மட்டும் போதும்.

கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டு இன்று காலை இருவரும் மறுபடி கூடத்துக்குப் போனோம். சிவப்புத் தட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, உன் அக்காதான் முதலில் குனிந்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒண்ணு அசையுது. இந்தத் தடவை பொய் இல்ல, நீங்களே பாருங்க."

பார்த்தேன். அசைகிறது, மாப்பிள்ளை. ஒன்றே ஒன்றுதான், ஆனால் என்னுடையது.