ஊர்சுற்றி அக்காவுக்கு ஒரு கடிதம்

இந்தக் கோடையில் என் மனைவி என்னை விட்டுவிட்டு எங்கேயும் போகக்கூடாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவெடுத்தேன். அசைக்க முடியாத முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வெளியே வருவதற்குள் அவள் ஏரிக்கரைக் கூடார முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

நான்கு நாள். பெரிய ஏரி. துடுப்புப் படகு, நீச்சல், மலைப்பாதையில் நடை. போகிறவர்கள் ஐந்து பேர். என் மனைவி, அவள் தங்கை, தங்கையின் தோழிகள் மூன்று பேர். அந்தப் பட்டியலில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினேன். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

மச்சினிக்கு இருபத்துமூன்று வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லித்தருகிறாள். தண்ணீரைப் பார்த்தால் குதித்துவிடுவாள். நான் தண்ணீரைப் பார்த்தால் மூடி எங்கே என்று தேடுகிறவன். மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறாள். எதிரே உட்காருகிறவருக்கு எந்த எழுத்து தெரியவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில்.

"யாரைக் கேட்டுப் பண்ணினே?" என்றேன்.

"கேக்கலைங்க. சொல்றேன்."

"அப்படின்னா?"

"அனுமதி கேக்காதே, தகவல் சொல்லு. ஊர்சுற்றி அக்கா போன வாரம் எழுதியிருந்தாங்க."

அந்த அக்காவை எதிர்த்து நான் வாதாட முடியாது. காரணம் வெளியே சொல்லக்கூடாதது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஊர்சுற்றி அக்கா நான்தான்.

ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன் நான். 'வெயிலோடு விளையாடு' என்று அதில் ஒரு பக்கம். இளம்பெண்களுக்குக் கோடைப் பயண யோசனைகள், வெளியிடத்தில் பழகும் விதம், இத்தியாதி. அதை எழுதிவந்த அம்மாள் திடீரென்று உண்மையாகவே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். ஆசிரியர் அறை முழுக்கக் கண்ணை ஓட்டினார். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். நான் ஒருவன் தலையை நிமிர்த்தி மணி பார்த்தேன். அவ்வளவுதான், நான் அக்காவாகிவிட்டேன். மீசை வைத்த ஆள் எழுதுவது தெரிந்தால் வாசகிகள் அலுவலகத்துக்கே வந்துவிடுவார்கள், வீட்டில்கூட மூச்சு விடாதே என்று ஆசிரியர் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நான் இதுவரை கூடாரத்தில் படுத்ததில்லை. படகில் ஏறியதில்லை. வெயிலில் பத்து நிமிடம் நின்றால் எனக்குத் தலைவலி வரும். அதனால்தானோ என்னவோ, அக்காவாக எழுத உட்கார்ந்தால் எனக்கு எல்லை என்பதே கிடையாது. பெண்ணே, கிளம்பு என்பேன். யார் தடுத்தாலும் கிளம்பு என்பேன். ஊரில் உள்ள பெண்களையெல்லாம் கிளப்பிவிட்டேன். அவர்களில் ஒருத்தி என் வீட்டிலிருந்து கிளம்புவாள் என்று நான் கணக்குப் போடவில்லை.

அன்று சாயங்காலம் அவளை உட்கார வைத்து விளக்கினேன். காட்டுப் பூச்சி, திடீர் மழை, ஈரப் பாறை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். மறுபடி ஆட்டினாள். மூன்றாவது தடவையும் ஆட்டினாள். "அப்படியா" என்றாள். இன்னொரு முறை "அப்படியா" என்றாள். பிறகு எழுந்து தண்ணீர் பாட்டிலைத் தேடப் போய்விட்டாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அது என் யோசனை. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் அறுத்தால் தப்பிப்பது எப்படி என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் எழுதியது.

"என்னடி, என்னையே ரயில்ல வர்ற ஆளு மாதிரி நடத்துறே?"

"ஊர்சுற்றி அக்கா சொன்ன முறைங்க. நாலு தடவை தலையாட்டணும், ரெண்டு தடவை அப்படியாங்கணும், அப்புறம் பாட்டிலைத் தேடணும்."

"மூணு தடவை" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன மூணு?"

"தலையாட்டுறது. மூணுதான். நாலு இல்லை."

"நீங்கதான் அந்தப் பக்கத்தைப் படிக்கிறதே இல்லையே. வேலைவெட்டி இல்லாத பொம்பளை எழுதுறதுன்னு சொல்வீங்களே."

"கண்ணுல பட்டுச்சு."

"சரிங்க" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பிழை திருத்துகிறவனுக்கு இது ஒரு வியாதி. தப்பான மேற்கோளைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

நான் ஏன் இவ்வளவு முரண்டு பிடித்தேன் என்று நீங்கள் கேட்கலாம். பூச்சிக்கும் பாறைக்கும் நான் பயப்படவில்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாங்கள் ஒரு நாளும் பிரிந்து இருந்ததில்லை. நான் இல்லாத இடத்தில் அவள் சந்தோஷமாக இருந்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான். ஆனால் இதையெல்லாம் ஒரு புருஷன் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதனால் பூச்சி என்றேன்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. கணினியில் அடித்த கடிதம்.

'அன்புள்ள ஊர்சுற்றி அக்கா, என் கணவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு சோபாவில் கிடப்பார். கடற்கரைக்குக் கூப்பிட்டால் மணல் ஒட்டும் என்பார். மலைக்குக் கூப்பிட்டால் ஏறினால் இறங்கவேண்டுமே என்பார். இப்போது தோழிகளோடு ஓர் இடத்துக்குப் போக இருக்கிறேன். கிளம்புகிற நேரத்தில் இவர் ஏதாவது செய்து தடுப்பார். என்னென்ன செய்வார், எப்படிச் சமாளிப்பது என்று விவரமாகச் சொல்லுங்கள். இப்படிக்கு, ஜன்னலோரப் பயணி.'

படித்து முடித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை நானும்தான் பேப்பரை முகத்தில் போட்டுக்கொள்கிறேன். ஆனால் அது வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்க. மணல் ஒட்டும் என்று நானும் சொன்னதுண்டு. ஆனால் மணல் ஒட்டத்தானே செய்கிறது? இந்த ஆள் சோம்பலில் சொல்கிறான். நான் சொன்னது அனுபவத்தில். பாவம், அந்தப் பெண். எந்தச் சுவருக்குள் உட்கார்ந்து இதை அடித்தாளோ.

பேனாவை எடுத்தேன். ஆண்களின் தந்திரம் எனக்குத் தெரியாதா? முப்பத்தெட்டு வருடமாக ஆணாகவே இருந்துவருகிறேன்.

'சகோதரி, பயப்படாதீர்கள். முதலில் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். முதுகு வலியை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது, அதனால்தான் முதுகு. தைலத்தைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்து உங்கள் டிக்கெட் காணாமல் போகும். அலமாரிக்கு மேலே பழைய போர்வைக்குள் பாருங்கள். இல்லையென்றால் அவர் உட்கார்ந்திருக்கும் மெத்தைக்கு அடியில் பாருங்கள். பிறகு ஒரு விருந்தாளி வருவார், பெரும்பாலும் அவர் பக்கத்து உறவு. அன்பாக வரவேற்று, அடுப்படியைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். கடைசியாக அவர் குரல் தழுதழுக்கும். நீ இல்லாமல் நான் எப்படி என்பார். இதுதான் ஆபத்தான கட்டம். அது நடிப்பாக இருக்காது, உண்மையாகவே இருக்கும். இங்கேதான் நம்மில் பலர் பையைக் கீழே வைத்துவிடுகிறோம். வைக்காதீர்கள். நான்கு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்குங்கள்.'

நம்மில் பலர் என்று எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. ஆசிரியர் படித்துவிட்டு என் தோளில் தட்டினார். "இப்பதான்யா அக்காவுக்கு உயிர் வந்திருக்கு" என்றார்.

இதழ் வெள்ளிக்கிழமை வெளிவந்தது. என் மனைவி கிளம்ப வேண்டியது சனிக்கிழமை காலை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா ஊருக்குச் சொன்ன நான்கு தந்திரங்களும் நான் வீட்டில் பிரயோகிக்க வைத்திருந்தவை. ஆயுதக் கிடங்கைத் திறந்து அச்சடித்து விற்றுவிட்டேன். ஆனால் மூளை இருக்கிறதே. வழக்கமாக வீட்டுக்குக் கொண்டுபோகும் இலவசப் பிரதியை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். "இந்த வாரம் பத்திரிகை இல்லையா?" என்றாள். "மிஷின் ரிப்பேர்" என்றேன். படிக்காதவளுக்கு நான்கும் புதுசுதானே?

சனிக்கிழமை விடிந்தது. கூடத்தில் இரண்டு தோள்பைகள் தயாராக நின்றன. மச்சினி தொப்பியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு காகிதம், கையில் பென்சில்.

நான் சோபாவிலிருந்து எழுந்தேன். பாதியில் நின்றேன். "ஐயோ, முதுகு" என்றேன்.

மனைவி ஓடி வரவில்லை. அலமாரியைத் திறந்து தைல பாட்டிலை எடுத்தாள். சோபாவின் கைப்பிடியில் வைத்தாள். கைக்கு எட்டுகிறதா என்று என் கையை நீட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள். மச்சினி பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

அந்தக் கோட்டை எட்டிப் பார்த்தேன். இருந்தாலும் விடவில்லை. "போறது போறே, டிக்கெட் எடுத்துக்கிட்டியா? நேத்துலேருந்து காணோமே."

"அலமாரி மேல போர்வைக்குள்ள இருந்துச்சு மாமா" என்றாள் மச்சினி. "நேத்தே எடுத்துட்டோம். மெத்தைக்கு அடியில தேட வேண்டிய அவசியமே வரலை." இரண்டாவது கோடு.

வாசல் மணி அடித்தது. என் சித்தி. முந்தின நாள் நான் போன் செய்து வரச்சொன்ன சித்தி. வந்ததும் வராததுமாக "பசிக்குதுடா" என்று சொல்லக்கூடியவர். எனக்கு உயிர் வந்தது.

"வாங்க சித்தி" என்று என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேளை வந்தீங்க. அடுப்படி இந்தப் பக்கம். டீத்தூள் மேல் தட்டுல, சர்க்கரை பக்கத்துலயே. முட்டை பன்னிரண்டு இருக்கு. உங்க பிள்ளைக்கு முதுகு வலியாம், பாத்துக்குங்க."

"நான் விருந்துக்குன்னுல்ல வந்தேன்?" என்றார் சித்தி என்னைப் பார்த்து.

"மூணு" என்றாள் மச்சினி, யாரும் சொல்லாமலே.

முதுகைப் பிடித்துக்கொள்ள மறந்து நேராக நின்றேன். "அது என்ன காகிதம்?"

"ஊர்சுற்றி அக்கா பக்கம் மாமா. இந்த வாரத்தது."

"மிஷின் ரிப்பேர்னு சொன்னேனே."

"கடைக்கு வர்றவங்க படிக்க நாங்க எப்பவும் ஒண்ணு வாங்கிப் போடுவோம்ங்க" என்றாள் மனைவி, பையைத் தோளில் மாட்டியபடி. "உங்க மிஷின் வேற போல."

மச்சினி முன்னால் இறங்கினாள். மனைவி வாசற்படிக்குப் போய்விட்டாள். தலையில் புதுத் தொப்பி. அது அவளுக்கு நன்றாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. வாயைத் திறந்தால் குரல் தழுதழுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது தந்திரம் இல்லை. தானாக வந்தது.

"நீ இல்லாம நான் எப்படிடி நாலு நாள் இருப்பேன்?"

அவள் நின்றாள். பை தோளிலிருந்து கொஞ்சம் சரிந்தது. என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பார்வை பரிசோதிக்கிறவள் பார்க்கிற மாதிரிப் பார்க்கவில்லை.

"இது நடிப்பு இல்லை" என்றேன்.

"தெரியும்ங்க. அதையும் எழுதியிருக்காங்க." பையை ஏற்றி மாட்டிக்கொண்டாள். "நாலு நாள்ல வந்துடுவேன்."

படி இறங்கத் தொடங்கினாள். ஒரு படி. இரண்டு படி. ஆசிரியராவது, சத்தியமாவது. வேலை போனால் போகட்டும் என்று மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. திறக்கட்டும் என்றிருந்தது எனக்கு.

"நில்லு. அந்தப் பக்கத்துல இருக்கிறது ஒண்ணும் செல்லாது. அது யாரோ ஜன்னலோரப் பயணிக்கு எழுதினது. உனக்கு இல்லை. அதை எழுதினது பொம்பளையே இல்லை. நான்தான். நான்தான் ஊர்சுற்றி அக்கா. எழுதினவனே சொல்றேன், போகாதே."

அவள் திரும்பிப் பார்த்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரியும்க்கா" என்றாள். "தெரிஞ்சுதானே உங்களுக்கு எழுதினேன்."