அடுத்தவர் வயிற்றெரிச்சல்

மூடிக் கிடந்த ஜெராக்ஸ் கடை மறுபடி திறந்த மூன்றாம் நாளே, வாசல் வரிசை பக்கத்து மருந்துக்கடையையும் தாண்டிவிட்டது. மருந்துக்கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். உள்ளே எழுந்தருளியிருந்தவர் 'குளிர்ச்சி ஐயா'.

அவருடைய கண்டுபிடிப்பு எளிமையானது. உங்களுக்கு நெஞ்செரிச்சலா? அது உங்களுடையதே அல்ல. யாருக்கோ உங்கள்மேல் வயிற்றெரிச்சல். அவர் வயிற்றில் எரிவது உங்கள் நெஞ்சில் ஏறிவிட்டது. தமிழே சாட்சி சொல்லும்போது டாக்டர் எதற்கு?

யாருக்குத்தான் பிடிக்காது? தன் வாயைக் குறை சொல்ல வேண்டாம். தன்னைப் பார்த்துப் பொறாமைப்படவும் ஆள் இருக்கிறது என்ற கௌரவம் வேறு. கூரை ஒழுகுகிற வீட்டுக்காரர்கூட, "எனக்கு நாலு பேரோட எரிச்சலாம்!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

சிகிச்சை இன்னும் எளிது. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். வாயில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் சுவர் அதிர ஓர் ஏப்பம். "போச்சு! பொறாமை வெளியே போச்சு!" என்பார் ஐயா. வரிசையே கை தட்டும். எரிச்சலும் அடங்கும். மறுநாள் திரும்ப வந்தால்? மறுபடி பொறாமைப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கட்டணமும் மறுபடி.

என் பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஐந்து மாதமாய் எரிகிறவர். பகலெல்லாம் தொப்பை மடிய மெஷின்மேல் குனிந்திருப்பார். இராத்திரி பத்தரைக்கு எண்ணெய் மிதக்கச் சாப்பாடு. கை ஈரம் காய்வதற்குள் படுக்கை. நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை, சுவர் மெல்லியது.

ஐயா கண்ணை மூடி அவரிடம் சொன்னார்: "உங்க தலைக்கு மேல இருக்கறவங்கதான்."

தலைக்கு மேலே, மாடியில், குடியிருந்தவள் அவருடைய சொந்தத் தங்கை. பேக்கரியில் கேக் போடுகிறவள்.

"மாசக் கடைசிக்குள்ள மாடியைக் காலி பண்ணு."

"அண்ணே, உன்மேல எனக்கென்ன பொறாமை? உன் தொப்பையைப் பார்த்தா?"

"பேசாதே. நீ பேசினாலே எரியுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஐயா கொடுத்தனுப்பி அண்ணன் மேஜைமேல் கிடந்த பொட்டலத்தைப் பிரித்து, தூளை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். பதினோரு வருடம் கேக் மாவு ருசி பார்த்த நாக்கு அது.

"சரி, காலி பண்றேன். அதுக்கு முன்னாடி என் பொறாமை எப்படி வெளியே போகுதுன்னு நானும் பார்க்கணும். நாளைக்கு உன்கூட வர்றேன்."

எனக்கும் அன்று லேசாக நெஞ்சு கரித்தது. போகாமல் எப்படி?

ஐயா அண்ணன் கையில் தூளை வைத்தார். தங்கை பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து ஐயாவின் டம்ளரிலேயே பிழிந்தாள்.

"ஐயா, இதுக்கும் ஒரு சிட்டிகை போடுங்க."

"அது மனுஷங்களுக்கும்மா."

"பழமும் பாவம்தானே?" என்று அண்ணன் கையைப் பிடித்து டம்ளருக்குள் தட்டினாள். புஸ்ஸ்ஸ்! நுரை பொங்கி ஐயாவின் மேஜைத் துணியில் வழிந்தது.

"பார்த்தீங்களா, ஏப்பம் விடுது! இந்த எலுமிச்சம்பழத்து மேல யாருக்குங்க பொறாமை?"

"சாத்துக்குடிக்குத்தான் இருக்கும்!" என்றது வரிசையில் ஒரு குரல்.

"இது நாங்க கேக்குக்குப் போடற சோடா உப்பு. புளிப்பு பட்டா பொங்கும். வயித்துலயும் புளிப்புதான். அப்போதைக்கு அடங்கும், அப்புறம் பழைய கதை."

"நம்பிக்கை இல்லாத கை பட்டா அப்படித்தான் ஆகும்," என்றார் ஐயா.

"அப்போ இன்னொரு பழம் இருக்கு. உங்க கையாலயே போடுங்க."

ஐயாவுக்குத் திடீரென்று பாத்ரூம் போக வேண்டியிருந்தது. போனார். பின்கதவு வழியாகத்தான் போனார் என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் எங்களுக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் டாக்டர் தையல்காரரிடம் சொன்னாராம்: "உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்ற இடத்துல ஒரு கதவு மாதிரி இருக்கு. உங்களுக்கு அது சரியா மூடலை, அமிலம் மேல ஏறுது. சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுப் படுங்க. தொப்பையைக் குறைங்க. கட்டில் தலைமாட்டை உயர்த்துங்க. மாத்திரையை நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க. சோறு முழுங்கும்போது அடைச்சாலோ, மலம் கறுப்பாப் போனாலோ, உடனே ஓடி வாங்க."

"அப்போ என் தங்கச்சிக்கு இதுல பங்கே இல்லையா டாக்டர்?"

"பத்தரை மணிக்கு உங்களுக்கு ஊட்டி விட்டது அவங்களா?"

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. அண்ணன் கையில் இரண்டு செங்கலோடு மாடிப்படியில் நின்றார்.

"கொஞ்சம் கட்டிலைத் தூக்கிப் பிடியேம்மா."

"மாடியைக் காலி பண்ணச் சொன்ன வாயா இது?" என்றாள் அவள். ஆனால் இறங்கி வந்தாள்.

அடுத்த தெருவில் முழங்கால் வலிக்கு ஒருவர் வந்திருக்கிறாராம். விடியற்காலையிலேயே வரிசையாம். யோசிப்பதற்கு மட்டும் எங்கேயும் வரிசை இல்லை. இடம் தாராளமாக இருக்கிறது, இப்போதே போகலாம்.