மாப்பிள்ளையின் ஹெட்ஃபோனுக்கு எண்ணெய் போட்டது பற்றி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமா எழுதிக்கொள்வது. இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம். உங்கள் அத்தையின் முழங்கால் சுகம். என் மகள் மருந்துக்கடை வேலைக்குப் போய் வந்துகொண்டு சுகம். நானும் என் ரத்த அழுத்தமும் சண்டையில்லாமல் இருக்கிறோம். பொருள்களில்தான் ஒன்று சுகமில்லை, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வெள்ளம் வடிந்த ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருக்கும் மனிதரிடம் வீட்டுச் சாமான் ஒன்றைப் பற்றிப் பேசுவது முறையில்லை என்று எனக்கும் தெரியும். தினமும் சாயங்காலம் நீங்கள் ஃபோனில் வரும்போது சொல்லிவிடலாம் என்று ஆறு தடவை வாயைத் திறந்தேன். ஆறு தடவையும் "அங்க மழை எப்படி?" என்றுதான் வந்தது. கடைசித் தடவை நீங்களே, "மழை நின்னு பத்து நாளாச்சு மாமா" என்றீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நீங்கள் கிளம்பிய மறுவாரம் உங்கள் அறையைத் துடைக்கப் போனேன். யாரும் துடைக்கச் சொல்லவில்லை. ஓய்வு பெற்றவன் கையில் துணி இருந்தால் வீட்டில் எதுவும் பத்திரமில்லை என்று உங்கள் அத்தை சொல்வாள். அலமாரியின் மேல்தட்டில் உங்கள் ஹெட்ஃபோன் தூசி படிந்து கிடந்தது. அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார், அங்கே பாட்டுக் கேட்காமல் என்ன பாடுபடுகிறாரோ என்று வருத்தப்பட்டு அதைக் கையில் எடுத்தேன். விரித்தால் கீச்சென்றது. முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் காதில் கீச்சென்று விழுந்தால் கை தானாக எண்ணெய்க் கேனுக்குப் போய்விடும், அது ஒரு வியாதி. ஒரு சொட்டு விட்டேன். போதாது என்று இன்னொரு சொட்டு விட்டேன். அது கீலில் நிற்காமல் காதுமெத்தைக்குள் இறங்கியது. மெத்தையைக் கழற்றினால் உள்ளே சல்லடைத் துணி, அதிலும் எண்ணெய். சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், எண்ணெயோடு சோப்பும் சேர்ந்தது. பால்கனியில் வெயிலில் வைத்தேன். உங்கள் அத்தை அதைப் பார்க்காமல் அதன் மேலேயே ஈரப் போர்வையை விரித்தாள். சாயங்காலம் எடுத்துத் தலையில் மாட்டிப் பார்ப்போம் என்று விரித்தேன். டக். இரண்டு துண்டாக, ஆளுக்கொரு காது என்பதுபோல் என் இரண்டு கையிலும் வந்துவிட்டது. முப்பத்து நாலு வருஷத்தில் என் கையில் ஒரு லிஃப்ட்கூட அறுந்ததில்லை மாப்பிள்ளை.

இரண்டு துண்டையும் தையல் மெஷின் டிராயரில் ஒளித்து வைத்தேன். மறுநாளே உங்கள் அத்தைக்கு நூல்கண்டு வேண்டியிருந்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "வாங்கி வெச்சிடுங்க, அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள். பசைக்காரன், ரிப்பேர்காரன் எல்லோரும் கைவிரித்த பிறகு, மேம்பாலத்துக்குக் கீழே ஒலிச் சாமான் மட்டுமே விற்கும் கடை ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டு அங்கே போனேன்.

கடைக்காரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். முடியை ஒட்ட வெட்டியிருந்தார், கையில் சாலிடரிங் கருவி. மாப்பிள்ளைக்கு ஹெட்ஃபோன் வேண்டும் என்றேன். என்ன மாதிரிப் பாட்டுக் கேட்பவர் என்று கேட்டார். மெட்டல் என்றேன், அந்தச் சொல் மட்டும் மகள் வாயிலிருந்து காதில் விழுந்திருந்தது. எந்த மெட்டல் என்றார். அதில் வேகமாக ஓடுவது, கனமாக நடப்பது, கத்துவது, கத்தாதது என்று வகைகள் இருக்கின்றனவாம். எனக்குத் தெரிந்தது எஃகும் பித்தளையும்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை, நாற்காலியைக் காட்டினார், கேள்விகளை ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கேட்பார், தனியாகவா கூட ஆட்கள் இருக்கும்போதா, தலை பெரிதா சிறிதா. எல்லாவற்றுக்கும் ஒப்பேற்றினேன். பிறகு கேட்டார்:

"கண்ணாடி போடுவாரா சார்? போட்டா, இறுக்கிப் பிடிக்கிறதைக் குடுக்கக்கூடாது. காதுக்கு மேல வலிக்கும்."

மாப்பிள்ளை, கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். நாலு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். நீங்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் தெரியும், வண்டிச் சாவியை எந்த ஆணியில் மாட்டுவீர்கள் என்று தெரியும். முகத்தில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கல்யாணப் படத்தைப் பார்த்தேன், அதில் இல்லை. ஆனால் கல்யாணத்தன்று யாரும் எதையும் பார்ப்பதில்லை, கழற்றி வைத்திருக்கலாம். மகளிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "வண்டி ஓட்டும்போது போடுவார்ப்பா, பாட்டுக் கேக்கும்போதும் கழட்ட மாட்டார். எதுக்கு?" என்றாள். சும்மாதான் என்றேன். நாலு வருஷத்தில் உங்களைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருந்ததால் அவள் நம்பவில்லை.

தலை அளவுக்கு உங்கள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்ததைப் பார்த்து, வண்டி எங்கே போச்சு என்று கண்டக்டர் துக்கம் விசாரித்தார். கடைக்காரம்மா ஹெல்மெட்டுக்குள் கையை விட்டு அளந்துகொண்டு, சரி, இனிமேல் நீங்களே கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று முதல் ஜோடியை என் தலையில் மாட்டிவிட்டார். ஆரம்பித்த அரை நிமிஷத்தில் நான் அதைப் பிடுங்கி, யாருக்கோ மூச்சு முட்டுகிறது, முதலில் தண்ணீர் கொடுங்கள் என்றேன். அதுதான் பாடகர் என்றார். திரும்ப மாட்டினேன். அடியில் ஏதோ தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. லிஃப்ட் மோட்டார் பேரிங் போயிருந்தால் அப்படித்தான் கேட்கும், மூன்றாவது மாடிக்குமேல் ஏறாது. அது ஒரே ஆள், இரண்டு காலாலும் டிரம்மை மிதிக்கிறார் என்றார். ஒரே ஆளா என்று இரண்டு தடவை கேட்டேன். அந்த மனிதர் மேல் அன்றைக்கே மரியாதை வந்துவிட்டது.

அதற்குப்பிறகு நாலு நாள் போனேன். பஜாருக்கு என்று சொல்லிவிட்டுப் போய் வெறும் பையோடு திரும்பி வந்ததில் உங்கள் மனைவிக்கு என் ஞாபகசக்தி மேல் கவலை வந்து ஏதோ மாத்திரை கொண்டுவந்தாள், அதையும் முழுங்கினேன். ஒரு ஜோடியில் அடிச்சத்தம் மட்டும் பெருத்து, மேல்மாடிக்காரர் பீரோவை நகர்த்துவதுபோல் இருந்தது. அந்த டிரம்காரர் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் ஒன்றோடொன்று ஒட்டிச் சேறாகிவிட்டது. கூட்டம் அதைத்தான் கேட்டு வாங்குமாம், மெட்டலுக்கு அது ஆகாதாம். இன்னொன்றில் தாளத்தட்டு ஒவ்வொன்றும் பல்வைத்தியர் துளைபோடுவதுபோல் மண்டைக்குள் இறங்கியது. மூன்றாவது முதுகு திறந்த ஜாதி, ஜன்னல் வைத்த வீடுபோல் காற்றோட்டமாக அற்புதமாக இருந்தது. ஆனால் உள்ளே ஓடுவதெல்லாம் வெளியே கேட்கிறது, வாசலில் நின்றவர் எட்டிப் பார்த்தார். நாலாவது முதுகு மூடியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மிதிகள் தனித்தனியாக நின்றன, எண்ணலாம்போல் இருந்தது. வலப்பக்கக் கிடார் இடப்பக்கத்துக் கிடாரைவிட ஒரு மயிரிழை பிந்தி வருகிறதே, இரண்டு பேரா என்று கேட்டேன். கடைக்காரம்மா சாலிடரிங் கருவியைக் கீழே வைத்துவிட்டார். "இத்தனை வருஷத்துல இதைக் கேட்டுச் சொன்ன முதல் ஆள் நீங்கதான் சார்" என்றார். வழிநெடுக நெஞ்சு நிமிர்ந்துதான் வந்தேன், மறைக்க மாட்டேன்.

இடையில் மின்தடை எத்தனை ஓம் என்று பார்க்க வேண்டும் என்றார். அது எனக்குத் தெரிந்த பாஷை. ஓம் கூடினால் ஃபோனின் சக்தி போதாது, நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி வேண்டும். ஐந்து பேர் லிஃப்ட்டின் மோட்டாரைப் பன்னிரண்டு பேர் லிஃப்ட்டில் வைத்தால் எப்படி முக்குமோ அப்படி. உங்களிடம் அந்தப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். கறுப்பாக, உள்ளங்கை அகலத்தில், போட்டுவைத்தால் வெதுவெதுப்பாக இருக்குமாம். அப்போதுதான் விளங்கியது. உங்கள் மேஜையில் இருக்கும் அதன் மேல்தான் நான் இரண்டு வருஷமாகக் காபி டம்ளரை வைத்து வருகிறேன், ஆறாமல் இருக்கிறதே என்று. மேலே உள்ள வட்டக் கறைகள் என்னுடையவை. இதையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலாவது ஜோடிதான் என்று முடிவு செய்த அன்று, கிளம்பும் முன் ஒரு சந்தேகம் கேட்டேன். ஒரே பாட்டை இத்தனை நாளாகக் கேட்டாயிற்று, அந்த மனிதர் அப்படி என்னதான் கத்துகிறார்? கடைக்காரம்மா சொன்னார்:

"'நான் வந்து சேந்தப்ப நீ இல்ல'ன்னு சொல்றார் சார். பாட்டு முழுக்க அதையேதான் சொல்றார்."

ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவர் ஏன் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் காதை மூடிக்கொண்டு உட்காருகிறார் என்று கேட்டேன். அவள் சொன்னாள். தினமும் இல்லையாம். வண்டி போய்ச் சேர்ந்தும் பிரயோஜனமில்லாமல் போன நாள்களில் மட்டும்தானாம். அந்த ஒரு மணி நேரம் அதைக் கேட்டுவிட்டால், அதற்குப்பிறகு எழுந்து வந்து சாப்பிட்டு, எங்களோடு டி.வி. பார்த்து, சிரிக்கவும் முடியுமாம். கேட்காவிட்டால் முடியாதாம். கல்யாணமான புதிதிலேயே நீங்கள் அவளிடம் சொல்லிவிட்டீர்களாம். எங்களிடம் சொல்ல வேண்டாம், பெரியவர்கள் மனசு கஷ்டப்படும் என்றும் சொன்னீர்களாம்.

நான் என்ன நினைத்திருந்தேன் என்றால், என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம். போன வருஷம் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், உங்களுக்குக் கேட்கட்டும் என்றே, இந்த வீட்டில் பேசினால் கேட்பதற்குக் காதுள்ளவர்கள் குறைந்துபோய்விட்டார்கள் என்றேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் அறைக்குள் ஹெட்ஃபோனைக் கழற்றினீர்கள். என்னைப் பார்த்தீர்கள். வந்து சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனீர்கள். ஹெட்ஃபோனை உடைத்ததைவிட எனக்கு அதுதான் பெரிய உடைசல். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

இதையெல்லாம் உங்கள் அத்தையிடம் சொன்னேன். நான் வேலையில் இருந்த காலத்தில் எப்போதாவது லிஃப்ட்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். கதவைத் திறந்து அவர்களை வெளியே எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், குளியலறைக்குள் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, குளிக்காமல், அந்தச் சத்தத்தில் அரை மணி நேரம் நிற்பேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். உங்கள் அத்தை துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"உங்களுக்குக் குழாய், அவருக்கு இது. நான் என்னிக்காவது கதவைத் தட்டினேனா?"

புது ஹெட்ஃபோன் உங்கள் மேஜையில் இருக்கிறது. இறுக்காது, மெத்தை துணியால் ஆனது, கண்ணாடியோடு போடலாம், பெட்டியோடும் பொருந்தும். பிடிக்காவிட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். உங்கள் வண்டி போகிற இடத்துக்கெல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேரட்டும். சேராத நாள்களிலும் நீங்கள் எங்களிடம் வந்து சேருங்கள். அத்தையின் ஆசிகள், என் ஆசிகள், வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லி மகளின் கட்டளை.

இப்படிக்கு,
எண்ணெய்க் கேனை உங்கள் அத்தையிடம் ஒப்படைத்துவிட்ட,
உங்கள் மாமா

பி.கு.: உறையை ஒட்டித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டுபோன மகள் கடிதத்தைப் படித்துவிட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள், பிறகு சிரிக்காமலும் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த ஹெட்ஃபோன் ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே இரண்டு காதும் போய், தூக்கிப் போடுவதற்காக நீங்கள் மேலே வைத்ததாம். நல்லதை நீங்கள் கையோடு கொண்டுபோய்விட்டீர்களாம். கத்துகிற மெட்டல் உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம், நீங்கள் கேட்பது கத்தாத ஜாதியாம். மேஜையில் நான் சொன்னதும் உங்கள் காதில் விழவில்லையாம். மாமா என்ன சொன்னார் என்று நீங்கள் கேட்டதற்கு, ஃபேன் சத்தம் போடுகிறது என்றார் என்று இவள் சொல்லி வைத்தாளாம். மறுநாள் நீங்கள் நாற்காலி போட்டு ஏறி, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றித் துடைத்து மாட்டியது ஏன் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. ஆக, இந்தக் கடிதத்தை நான் எழுதவுமில்லை, நீங்கள் படிக்கவுமில்லை. கிழித்துப் போடலாம் என்றேன், அவள் தர மறுக்கிறாள், தபாலில் சேர்த்தே தீருவாளாம். புது ஹெட்ஃபோன் விஷயத்தில் மட்டும் ஒரு சிறு மாறுதல். அது வீணாக வேண்டாமே என்று தினமும் மத்தியானம் நானே போட்டுக்கொள்கிறேன். உங்கள் தலைக்கு அளவெடுத்ததால் கொஞ்சம் தொளதொளக்கிறது, கைக்குட்டையை மடித்து வைத்தால் நிற்கிறது. கடைக்காரம்மா கத்துகிறவர்களிலேயே இன்னும் நாலு பேரைச் சொல்லியிருக்கிறார். நீங்கள் திரும்பி வரும் அன்று மணியடித்து யாரும் கதவைத் திறக்காவிட்டால் தவறாக நினைக்காமல் சாவியைப் போட்டு உள்ளே வாருங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.