ஃபோர் கே தோஷம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து வேறு பாதை பார்த்துக்கொள்ளவும். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருக்கும். அதை நம்பி ஏமாற வேண்டாம். இரண்டும் ஒரே ஊர்தான். கடைத்தெரு முழுக்க மோட்டார் சைக்கிள், கார், ஆள் ஏற்றி வந்த இரண்டு தோட்டத்து லோரி. கோயில் திருவிழாவா? இல்லை. இலவச அரிசியா? அதுவும் இல்லை. ஒளி மாஸ்டர் சிவானந்தம் இன்றைக்குப் பிளேயர் பார்க்கிறார்.

பிளேயர் என்றால் பந்து உதைக்கிறவன் இல்லை. டிஸ்க் போட்டுப் படம் பார்க்கிற பெட்டி. இந்தப் பக்கத்துச் செம்பனைக் காட்டைத் தாண்டி இணையம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் களைத்துப்போய்விடும். கதாநாயகி அழ ஆரம்பித்த இடத்தில் ஒரு வட்டம் சுற்றும். கண்ணீர் வருவதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் இங்கே டிஸ்க்குக்கு இன்னும் மவுசு. வரிசையில் நிற்கிறவர்கள் தங்கள் பெட்டியைப் பட்டுத் துணியில் சுற்றி, பெயர் வைக்கப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். அல்ட்ரா எச்.டி. பிளேயர்காரர்கள் முன்வரிசை. பழைய டிவிடி, கரோக்கே பெட்டிக்காரர்கள் பின்வரிசை. அங்கேயும் மேல், கீழ் வந்துவிட்டது.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் அவர் இடுப்பு இளைக்கும் பெல்ட் விற்றார். யாருக்கும் இடுப்பு குறையவில்லை. பெல்ட்டின் இருப்பு குறைந்தது. பிறகு சிறுநீரகத்தைச் சுத்தப்படுத்தும் தண்ணீர்க் குழாய். இப்போது 'ஒளிமயம் ஹோம் தியேட்டர்'. வெள்ளை ஜிப்பா, நெற்றியில் மூன்று நிறத்தில் பொட்டு.

அவர் பிளேயரைப் பரிசோதிக்கும் முறையே தனி. பெட்டியை மேசைமேல் வைப்பார். அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழம். கண்ணை மூடி, பெட்டியின் காற்றுத் துளையில் காதை வைத்துக் கேட்பார். பிறகு, இது ராகு காலத்தில் அட்டைப்பெட்டியை விட்டு இறக்கிய சாமான் என்பார். இதுவரை அவர் வாயிலிருந்து வேறு தீர்ப்பு வந்ததாக வரலாறு இல்லை.

அடுத்தது நிரூபணம். அதே பெட்டியில் ஒரு காட்டு விலங்குப் படம் ஓடும். சுவர் அகலத் திரையில் ஒரு புலி. பாவம், சேற்றில் புரண்ட பூனைபோல் மங்கலாக இருக்கும். மாஸ்டர் சிவப்புத் துணியில் தைத்த ஒரு தகட்டை எடுத்துப் பெட்டிமேல் வைப்பார். இரண்டு கைகளையும் ஜிப்பா பைக்குள் விட்டு, வானத்துச் சக்தியை உள்ளே இழுப்பார். பை வழியாகத்தான் சக்தி இறங்குமாம். மூன்று மூச்சு. திரை பளிச்சென்று ஆகும். புலி பொன்னாக மின்னும். கூட்டம் 'ஆ' என்று வாயைத் திறக்கும்.

தகட்டின் விலை நூற்று எண்பத்தெட்டு வெள்ளி. எட்டு என்பது சீனர்களுக்கு ராசியான எண். மாஸ்டர் எல்லா இனத்தின் ராசியையும் மதிக்கிறவர்; காசு மட்டும் தமிழரிடம் வாங்குவார்.

இரண்டு நிபந்தனை உண்டு. துணியைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஒளி கசிந்துவிடும். வாரா வாரம் கொண்டுவந்து சக்தி ஏற்ற வேண்டும். அப்புறம், மனசு சுத்தமானவர்களுக்கு மட்டும்தான் புலியின் மீசை எண்ணத் தெரியும். இதைச் சொன்ன நாளிலிருந்து மீசை தெரியாதவர் ஒருவர்கூட அந்தக் கடைக்கு வந்ததில்லை.

முன்வரிசையில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சன்னாசி. முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு அல்ட்ரா எச்.டி. பிளேயர் வாங்கிக் கொடுத்தது மகள் உஷாராணி. செரண்டாவில் டிவி திரை செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அவள் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. மூன்று பிளேயரை இரவல் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தாள். இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாக நிற்கிறதா, உதடும் பேச்சும் ஒன்றாக வருகிறதா, கீறல் விழுந்த டிஸ்க்கைத் திணறாமல் படிக்கிறதா, காற்றாடிச் சத்தம் வசனத்தைக் கெடுக்கிறதா என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தது: அப்பாவுக்கு இந்த ரிமோட் புரியுமா?

புரிந்தது. மூன்று மாதம் நன்றாகப் போனது. பிறகு படம் பனி மூட்டமாகத் தெரிகிறது என்றார் சன்னாசி. உஷா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். படம் கண்ணாடிபோல் இருந்தது. அப்பாவுக்குச் சாலையும் மூட்டமாகத்தான் இருந்தது. அதற்கு அவர் காட்டுத் தீப் புகை என்று காரணம் வைத்திருந்தார். உஷா பெட்டியை விட்டுவிட்டு அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனாள். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது என்றார் டாக்டர். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்.

அந்தத் தேதிக்கு முந்தின ஞாயிறு, எதற்கும் இருக்கட்டும் என்று சன்னாசி பிளேயரைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரிடம் போனார். எதற்கும் இருக்கட்டும் என்கிற இரண்டு வார்த்தையில்தான் மாஸ்டர் போன்றவர்களின் வீட்டு அடுப்பு எரிகிறது.

"கண்ணுல திரை இல்லண்ணே, திரையிலதான் தோஷம்," என்றார் மாஸ்டர். "நாப்பத்தெட்டு நாளு தகடு வையுங்க. அதுவரைக்கும் கண்ணுல கத்தி படக் கூடாது."

தேதி போனது. ஆஸ்பத்திரியில் கெஞ்சி இரண்டாவது தேதி வாங்கினாள் உஷா. வருகிற செவ்வாய். இன்னொரு தடவை தள்ளினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடும், போன பார்வை திரும்பாது என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார். மாஸ்டரின் நாற்பத்தெட்டு நாள் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. சன்னாசி அசையவில்லை. உஷா டிவி கம்பெனியில் வேலை செய்கிறவளாம். மாஸ்டர் தெய்வத்திடம் வேலை செய்கிறவராம். அம்மா புஷ்பா ஆஸ்பத்திரிச் சீட்டைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, புருஷனைக் கைபிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தாள்.

உஷா வாதம் பண்ணுவதை நிறுத்தினாள். சனிக்கிழமை ஒரு சார்டின் டின் வாங்கினாள். அம்மா மீனைச் சம்பல் வைத்தாள். மகள் மூடியை வெட்டினாள்.

ஞாயிறு பத்தரை மணி. கடை நெரிந்தது. பக்கத்து உணவகத்துக்காரர் முகம்மது ஃபாரூக் தட்டில் தே தாரிக் தேநீர் ஏந்தி, கூட்டத்துக்குள் புகுந்து வந்தார். இந்தத் தகட்டில் நம்பிக்கை உண்டா என்று ஒருமுறை உஷா அவரைக் கேட்டிருக்கிறாள். தகட்டில் இல்லை, தகட்டுக்காக நிற்கிற வரிசையில் உண்டு என்று அவர் சொல்லியிருந்தார்.

முதலில் சன்னாசியின் பெட்டி. எலுமிச்சம்பழம் ஏறியது, இறங்கியது. புலி மங்கலாக வந்தது. புஷ்பா சிவப்புத் துணிப் பொட்டலத்தை நீட்டினாள். மாஸ்டர் அதைக் கண்ணில் ஒற்றிப் பெட்டிமேல் வைத்தார். கை பைக்குள் போனது. மூன்று மூச்சு. புலி மின்னியது. கூட்டம் 'ஆ' என்றது. சன்னாசியின் 'ஆ' எல்லோருக்கும் முன்னால் கேட்டது.

"மாஸ்டர், இது நம்ம தகட்டோட சக்திதானே?" என்று கேட்டாள் உஷா.

"வேற என்ன தங்கச்சி, மின்சாரமா?"

அவள் பொட்டலத்தை எடுத்தாள். மாஸ்டர் தடுப்பதற்குள் தையலைப் பிரித்தாள். ஒளி கசியவில்லை. சார்டின் டின் மூடி விழுந்தது. விளிம்பில் கொஞ்சம் தக்காளிக் குழம்பு வேறு.

உண்மைத் தகடு தன் கைப்பையில் இருப்பதாகச் சொல்லி எடுத்துக் காட்டினாள். கூட்டம் டின்னைப் பார்த்தது, தகட்டைப் பார்த்தது, மாஸ்டரைப் பார்த்தது. மாஸ்டர் அசருகிற ஆளா? நான்கு வருஷத்தில் மூன்று தொழில் பார்த்தவர். தகடு ஒரு சாக்குதான், சக்தி தன் கையிலிருந்து இறங்குகிறது, தான் நினைத்தால் டின்னுக்கும் ஏறும் என்றார். கூட்டத்தில் பாதி தலையாட்டியது. அது ஆட்டிப் பழகிய தலை.

"ரொம்ப நல்லது," என்றாள் உஷா. "கையிலதானே சக்தி? கையை எல்லாரும் பாக்கற மாதிரி வையுங்க. ஃபாரூக் அண்ணே, மாஸ்டருக்கு ரெண்டு தே தாரிக்."

ஃபாரூக்குக்கு இது வியாபாரம். ஆவி பறக்கும் இரண்டு கிளாஸை மாஸ்டரின் இரண்டு கையிலும் கொடுத்தார். வேண்டாமென்றால் கூட்டம் பார்க்கிறது. வாங்கினால் கை நிறைகிறது. வாங்கினார்.

படம் முதலிலிருந்து ஓடியது. பெட்டிமேல் இந்தத் தடவை அசல் தகடு, மாஸ்டரே கொடுத்தது. ஒரு மூச்சு. மூன்று மூச்சு. ஒன்பது மூச்சு. முன்னே பளிச்சென்று இருந்த புலி அப்படியே பளிச்சென்று நடந்தது. இதை மறுபடி மங்கலாக்கிப் பிறகு தெளியவைத்துக் காட்டும்படி உஷா கேட்டாள். தோஷம் அவருக்குத் தெரிந்த விருந்தாளிதானே, கூப்பிட்டால் வராதா என்றாள். மாஸ்டருக்கு வியர்த்தது. தேநீர் விரலைச் சுட்டது. மெல்ல மேசை ஓரமாக நகர்ந்து, ஜிப்பா பையை மேசை விளிம்பில் வைத்து இடுப்பால் அழுத்தினார்.

தப்பான பொத்தான்.

புலி மறைந்தது. திரை முழுக்க டிவியின் அமைப்புப் பட்டியல் விரிந்தது. மலாய் மொழியில், கொட்டை எழுத்தில்: பட முறை. அதன் கீழே மங்கல், சாதாரணம், பளிச். மாஸ்டரின் இடுப்பு இன்னொரு தடவை நகர, மஞ்சள் கட்டம் மங்கலுக்கும் பளிச்சுக்கும் நடுவே குதித்தது. உஷா அவருடைய ஜிப்பா பைக்குள் கைவிட்டு டிவி ரிமோட்டை எடுத்து உயர்த்திக் காட்டினாள். வானத்துச் சக்திக்கு இரண்டு பேட்டரி போட்டிருந்தது.

கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. பெல்ட் வாங்கியவர்கள் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் முதல் நாற்காலியிலிருந்து ஒரு குரல். "பேசாம இருங்கலா. புலி இப்பதான் தண்ணி குடிக்க வருது."

சன்னாசி. கைகூப்பித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு நின்றது. உஷா அவர் முன்னால் வந்து முட்டிபோட்டாள்.

"ப்பா, திரையில என்ன இருக்கு?"

"புலிதான்மா."

"வேற?"

"மீசை. பதினெட்டு." போன வாரம் யாரோ எண்ணிச் சொன்ன கணக்கு அது.

புஷ்பா அவர் தோளில் கைவைத்தாள். "அங்க புலி இல்லங்க. வெறும் எழுத்து."

சன்னாசி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். மூக்கு படுகிற தூரத்தில் நின்றார். கையால் தடவினார்.

"எனக்கு முத வாரமே ஒன்னும் தெரியல," என்றார். "எல்லாரும் ஆன்னீங்க. நான் மட்டும் சும்மா இருந்தா மனசு கெட்டவன்னு நெனப்பீங்கன்னு நானும் சொன்னேன்."

பின்வரிசையில் ஒருவர், தனக்கும் மீசை எண்ண வரவில்லை என்றார். இன்னொருவர், தான் எண்ணியது பன்னிரண்டு என்றும், மற்றவர் பதினெட்டு என்றதால் பதினெட்டு என்றதாகவும் சொன்னார். கண் நன்றாக இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு குருடரைவிடக் குறைவாகத்தான் பார்த்திருந்தார்கள்.

மாஸ்டர் கிளாஸ்களை மேசையில் வைத்துவிட்டுப் பின்வாசல் பக்கம் நடந்தார். ஃபாரூக் குறுக்கே நின்றார். "ரெண்டு தே தாரிக், மாஸ்டர். அதுக்கும் சக்தி ஏத்திட்டுப் போயிடாதீங்க."

செவ்வாய்க்கிழமை சன்னாசி ஆஸ்பத்திரிக்குப் போனார். வலது கண். அரை மணி நேர வேலை. ஒரு வாரம் கழித்து, பிளேயருக்குள்ளேயே தங்கிவிட்ட அதே புலிப் படத்தைப் போட்டார். படம் முடிந்ததும் மகளை அழைத்து, பெட்டிமேல் ஏன் இவ்வளவு தூசி, யாரும் துடைப்பதே இல்லையா என்று கேட்டார்.

மாஸ்டரின் கடை பூட்டிக் கிடக்கிறது. அவர் சுங்கை பெசாரில் நெல்லுக்கு ஒளி ஏற்றுவதாகக் கேள்வி. ஏமாந்தவர்களில் கொஞ்சம் பேர் போலீசில் புகார் கொடுத்தார்கள். கொஞ்சம் பேர் அவருடைய புது முகவரியை விசாரித்தார்கள்.

அப்படி விசாரிக்க வந்தவன்தான் பக்கத்துத் தோட்டத்து வீரன். கரோக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சன்னாசி வீட்டு வாசலில் நின்றான். அவன் மனைவிக்கு இரண்டு மாதமாக இருமல். எதிரொலியில் தோஷம், பெட்டியைச் சரிசெய்தால் தொண்டை சரியாகும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தாராம்.

சன்னாசி கறுப்புக் கண்ணாடியோடு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெட்டிய இங்கயே வையி. பொண்டாட்டிய கார்ல ஏத்து. கிளினிக்கு அஞ்சு மணி வரைக்கும் தொறந்திருக்கும்."

வீரன் கைபேசியில் எதையோ தேடினான். இன்றைக்கு நேரம் சரியில்லை, எமகண்டம் என்றான்.

"இருமல் நேரம் பாத்தா வருது?"

வீரன் கைபேசியைப் பைக்குள் போட்டான். பெட்டியை இறக்கி வைத்தான். காரை எடுத்தான். சன்னாசியும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார், அவன் வழியில் எங்கேயும் திரும்பிவிடாமல் இருக்க.

யோசிப்பதற்கு டோக்கன் கிடையாது. கட்டணம் கிடையாது. நல்ல நேரமும் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ அந்தப் பக்கம் கூட்டமே இல்லை. நீங்களாவது ஒருமுறை போய்ப் பாருங்கள்.