எல்லைக் கோட்டுக்கு முன்னால் ஒரு மாலை

ஊரில் என்னை முந்திரிக்கொட்டை என்பார்கள். கோபித்துக்கொள்ள எனக்கு அருகதை கிடையாது.

என் தங்கை செல்வி பின்னாளில் மாநில சைக்கிள் சாம்பியன். அப்போது பிளஸ் டூ படித்தாள். கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை பெண்களுக்கு ரோடு ரேஸ் வைத்தார்கள். "முதல் மூணு பேரைத்தான் மாநிலப் போட்டிக்கு எடுப்பாகளாம்ணே" என்று ஒரு மாதமாக அதே பேச்சு. ஒரு வருடமாகத் தினமும் விடியுமுன் தேவாரம் வரை மிதித்துவிட்டு வந்துதான் பள்ளிக்கூடம் போவாள். (நான் போர்வைக்குள் இருந்தபடியே ஆதரவு கொடுத்தேன்.)

ரேஸ் எங்கள் அனுமந்தன்பட்டி வழியாகத்தான் போகும். புதுப்பட்டி எஸ்.டி.டி. பூத்திலிருந்து நண்பன் போன் செய்தான். செல்விதான் முதலில் வருகிறாளாம். போதாதா எனக்கு? ஆளுயர ரோஜா மாலை, மேளம், போட்டோக்காரர், ஆரத்தித் தட்டோடு அத்தை (எல்லாம் முதல்நாளே சொல்லி வைத்தது) சகிதம் நடுரோட்டில் போய் நின்றேன். ஜெயித்து வருகிற பிள்ளையைச் சும்மா அனுப்பினால் ஊருக்கு என்ன மரியாதை?

என்மேல் மோதாமலிருக்கப் பிரேக்கைப் பிடித்தாள். கழுத்தில் மாலையைப் போட்டேன்.

"அண்ணே, இன்னும் முடியலைண்ணே. வழிய விடு."

"ஒரு நிமிசம் நில்லு ஆத்தா. ஒரு போட்டோ."

அத்தை நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றிப் பொட்டு வைத்தாள். அதற்குள் இரண்டு பெண்கள் எங்களைக் கடந்து போனார்கள். செல்வி மாலையைப் பிடுங்கி எறிந்தாள். அது முன்சக்கரத்தில் விழுந்து, வாழைநார் கம்பிகளில் சுற்றிக்கொண்டது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் இழுத்தேன், இன்னும் இறுகியது. மேலும் இரண்டு பேர் போனார்கள். மேளக்காரர்கள் பாவம், நிறுத்தச் சொல்லாததால் அவர்களையும் வாசித்தே வழியனுப்பினார்கள்.

செல்வி விரட்டிப் போய் ஒருத்தியைத்தான் முந்த முடிந்தது. நாலாவது இடம்.

வீட்டுக்கு வந்து திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாசலில் உட்கார்ந்து, கம்பிகளில் ஒட்டியிருந்த ரோஜா இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு வருடத்து உழைப்பை ஒரு போட்டோவுக்காகக் கெடுத்த அண்ணன் நான். அந்தப் போட்டோவிலும் என் முகம்தான் பெரிதாக விழுந்திருந்தது.

அடுத்த வருடம் முதலாவதாக வந்தாள். பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ பதக்கம். ஆனால் எந்த ரேஸ் என்றைக்கு, எந்த வழியாக என்று என்னிடம் மட்டும் வீட்டில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். எல்லாம் முடிந்தபிறகு போன் வரும்.

"கோட்டைத் தாண்டிட்டேண்ணே. இப்ப மாலையத் தூக்கு."