ஜெஸ்ஸியின் கல்யாணக் காருக்குக் கிரீஸ் போட்ட கதை

வீட்டிலேயே கார் கட்டுகிறவனை ஊர் மன்னித்துவிடும். வீட்டார் மன்னிக்க மாட்டார்கள். மெட்டுகுடாவில் எங்கள் வீட்டுப் போர்டிகோவை நாலு வருடம் அடைத்துக்கொண்டு நான் கட்டியது, இரண்டு பேர் உட்காரும் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். (ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னது நான் மட்டும்தான். அப்பா அதைத் தகர டப்பா என்றார். அம்மா அதன்மேல் வடகம் காயவைத்தார்.)

தங்கை ஜெஸ்ஸி ஒருத்திக்குத்தான் அதன்மேல் நம்பிக்கை. கல்யாணம் முடிந்ததும் சர்ச்சிலிருந்து மண்டபத்துக்கு அதில்தான் போவேன், மாப்பிள்ளை பிரவீன்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. தெருவில் ஒரு சுற்று ஓட்டிக்காட்டச் சொன்னார். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் கார், வால் மிதிபட்ட எலி மாதிரி கத்தியது.

"என் பொண்ணு கல்யாணத்தன்னைக்குக் கீச்சுக் கீச்சுனு போகக் கூடாது. சத்தம் நின்னா இந்தக் கார். இல்லன்னா வாடகைக் கார் சொல்லிடறேன்" என்றார்.

சத்தம் வந்தது புஷ்ஷிலிருந்து. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் காரின் சட்டத்தோடு சேரும் இடங்களில் வைக்கிற குட்டி உருளைகள் அவை. ரப்பருக்குப் பதிலாக நான் பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தேன். அதைக் கிரீஸ் தடவாமல் மாட்டினால் கத்தும். (பெட்டிமேலேயே எழுதியிருந்தது. அதையெல்லாம் படிக்கிறவன் வீட்டில் கார் கட்ட மாட்டான்.) கூடவே வந்த சிலிக்கான் கிரீஸ் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. பெயர் எழுதாத குட்டிப் பாக்கெட்டுகள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தது.

அன்று இரவு அதே மேஜையில்தான் கிரில் சிக்கன் சாப்பிட்டோம். மேஜையைத் துடைத்த அம்மா, மிஞ்சிய வெள்ளைப் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜ் கதவில் போட்டுவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. காரை ஜாக்கியில் ஏற்றி, இரும்புக் கைகளைக் கழற்றி, புஷ்களை வெளியே எடுத்துவிட்டுக் குரல் கொடுத்தேன்.

"அம்மா, அந்த வெள்ளைப் பாக்கெட்டை எடுத்துட்டு வாங்க."

"எல்லாமா?"

"பாதி போதும்மா."

அம்மா பாதியைக் கொண்டுவந்தார். புஷ்ஷுக்குள் தாராளமாகத் தடவி, நடுவில் வரும் இரும்புக் குழாய்க்கும் பூசி, வைஸ் என்கிற பட்டறை இடுக்கியில் வைத்து நெருக்கினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பூண்டு வாசம் லேசாக வந்தது. எங்கள் சந்தில் எந்நேரமும் யாராவது தாளித்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சாயங்காலம் ஓட்டிக்காட்டினேன். ஒரு சத்தம் இல்லை. அப்பா "ம்" என்றார். அவரிடம் அதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை.

இரவு, மிச்சமிருந்த சிக்கனைச் சூடுபண்ணிச் சாப்பிட்டார் அப்பா. "மயோனைஸ்ல உப்பும் இல்ல, ருசியும் இல்ல. என்னத்தச் செய்யறானுங்களோ" என்று சொல்லிக்கொண்டே ஒரு பாக்கெட்டை வழித்து முடித்தார்.

திங்கட்கிழமை கல்யாணம். மே மாத வெயிலில் கார் சர்ச் வாசலில் நின்றது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், காரைச் சுற்றி நாய்கள். ஒன்று முன்சக்கரத்துக்குள் தலையை விட்டு, கண்ணை மூடி நக்கிக்கொண்டிருந்தது. விரட்டினால் போய்விட்டுத் திரும்பி வந்தன. அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் குனிந்து புஷ்ஷை விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். கெட்டுப்போன மயோனைஸ். அப்பா சாப்பிட்டது எது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "வாடகைக் கார் சொல்லவாம்மா?" என்று ஜெஸ்ஸியிடம் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

"நக்கோ டாடி, வேணாம். நாலு வருஷமா அண்ணன் இதுக்கடியிலதான் படுத்துக் கிடந்தான். நான் இதுலதான் போவேன்" என்று பூங்கொத்தோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

முன்னால் கார், பின்னால் நாய்கள், நாய்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நான். முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே பழைய சத்தம் திரும்பியது. கார் கத்தினால் நாய்கள் குரைத்தன. தலையில் போட்ட வெள்ளை நெட் பறக்க, மண்டபம் வரைக்கும் ஜெஸ்ஸி சிரித்துக்கொண்டே போனாள்.

மண்டபத்தில் அப்பாவைத் தனியாக அழைத்துப்போய் உண்மையைச் சொன்னேன்.

"ஒர்க்‌ஷாப்ல காலமெல்லாம் கிரீஸ்ல கை வச்சவன் நான். எனக்குத் தெரியாதா எது கிரீஸ்னு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது சாப்பிட்டா என்ன ஆகும்?" என்று மெதுவாகக் கேட்டார். விருந்துக்கு வந்திருந்த டாக்டர் சொந்தக்காரர் ஒன்றும் ஆகாது என்று சொன்ன பிறகுதான் பிரியாணியில் கை வைத்தார்.

புஷ்களைக் கழுவி, மீதியிருந்த கிரீஸை மோந்து பார்த்துப் போட்டேன். கார் இன்றும் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஜெஸ்ஸியும் பிரவீனும் இப்போது கொண்டாப்பூரில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆனால் மாடிப்படியைக் கடகடவென்று ஏறிவிடுவார். வீட்டுக்கு வந்தால், அவர் ஏறும்போதெல்லாம் பிரவீன் கீழேயிருந்து கேட்பான்: "மாமா, முட்டியில சத்தமே வரலயே?"

அப்பா திரும்பாமலே பதில் சொல்வார்: "சரியான கிரீஸ் போட்டா ஏன் மாப்பிள்ளை வரப்போகுது?"